சின்னப் பெட்டி, பெரிய விலை: மினி கம்ப்யூட்டர் வாங்குமுன் போட வேண்டிய கணக்கு

போன வருஷம் அக்கா மகன் பொறியியல் கல்லூரியில் சேர்ந்தான். வீட்டு மேசையில் மானிட்டர், கீபோர்டு, மவுஸ் எல்லாம் நன்றாகவே இருந்தன. பழைய சிபியு மட்டும் போய்விட்டது. கடைத்தெருவைச் சுற்றிவிட்டு வந்து என்னிடம் கேட்டான்: "மாமா, டிபன் பாக்ஸ் சைஸ்ல ஒரு பெட்டி இருக்கு, அறுபதாயிரம் சொல்றாங்க. அப்புறமா ரேம்கூடப் போட முடியாதாமே. வாங்கலாமா?"

அவன் கேட்டதில் இரண்டு கவலைகள் இருந்தன. ஒன்று விலை. இன்னொன்று, நாளைக்கு வேலை கூடும்போது பெட்டியும் கூடவே வளருமா என்பது. இரண்டையும் தனித்தனியாக யோசித்தால் குழப்பம்தான் மிஞ்சும். பெட்டி வளராது என்றால், மூன்றாம் வருஷம் தேவைப்படப் போகிற ரேமையும் (ஓடும் வேலைகளுக்கான தற்காலிக மெமரி) சேமிப்பிடத்தையும் இன்றைக்கே காசு கொடுத்து வாங்க வேண்டும். வளரும் என்றால் இன்றைக்குக் குறைவாக வாங்கிவிட்டு அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம். அதனால் அட்டையில் ஒட்டியிருக்கும் விலையை விட்டுவிட்டு, மூன்றாம் வருஷத் தேவைவரை நிரப்பினால் என்ன ஆகும் என்று பாருங்கள். இதை நான் 'நிரப்பிய விலை' என்று குறித்துக்கொள்வேன். முதல்முறை வாங்குகிறவர்கள் அந்தக் கணக்கைத் தாங்களே போட்டுக்கொள்ளத்தான் இந்தக் கட்டுரை.

முதல் படி: செய்யும் வேலையை அளந்து எழுதுங்கள்

எத்தனை ஜிபி ரேம் வேண்டும் என்று கடைக்காரரைக் கேட்காதீர்கள். இப்போது பயன்படுத்தும் கம்ப்யூட்டர், இல்லாவிட்டால் நண்பருடையது, எதிலாவது உங்களுடைய மிகக் கனமான வேலையைத் திறந்து வையுங்கள். பிரவுசரில் வழக்கமாக எத்தனை டேப் திறப்பீர்களோ அத்தனையும் திறந்திருக்கட்டும். பிறகு கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் மெமரி பக்கத்தில் எவ்வளவு பயன்பாட்டில் இருக்கிறது என்று தெரியும். அந்த எண்ணை ஒன்றரையால் பெருக்குங்கள். மூன்றாம் வருஷத் தேவைக்கு நான் வைத்துக்கொள்ளும் அளவு அது.

பையனின் பழைய லேப்டாப்பில் ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவும் எமுலேட்டரும் பிரவுசரும் ஓடும்போது 10 ஜிபியைத் தாண்டியது. அப்படியென்றால் 16 ஜிபிதான் ஆரம்பம். கடிதம், எக்செல், ஆன்லைன் விண்ணப்பம், படம் பார்ப்பது இவ்வளவுதான் என்றால் 8 ஜிபியில் ஓட்டலாம், ஆனால் இறுக்கமாக இருக்கும். கல்யாண வீடியோ எடிட் செய்கிறவர் 24, 32 என்று யோசிக்க வேண்டும்.

இந்தத் தாளிலேயே இன்னொன்றையும் எழுதுங்கள்: எந்த மென்பொருள் இல்லாமல் உங்களால் இருக்கவே முடியாது? கணக்கெழுதும் டாலி, பொறியியல் வரைபடத்துக்கான சாலிட்வொர்க்ஸ் போன்றவை விண்டோஸுக்கு மட்டுமே வருகின்றன. அச்சகங்களில் இன்னும் புழங்கும் பழைய எழுத்துரு முறைத் தமிழ்த் தட்டச்சு மென்பொருள்களும் பெரும்பாலும் விண்டோஸுக்காகச் செய்யப்பட்டவை. இவற்றில் ஒன்று உங்கள் தாளில் இருந்தால் ஆப்பிளின் மேக் பக்கம் போக வேண்டாம். விலைக் கணக்குக்கே அவசியமில்லை.

புதிய கேம்களை உயர்ந்த தரத்தில் ஆடத்தான் வாங்குகிறீர்கள் என்றாலும் இங்கேயே நின்றுவிடுங்கள். சின்னப் பெட்டிகளில் பெரிய கிராபிக்ஸ் கார்டுக்கு இடமும் கிடையாது, அதற்கு வேண்டிய மின்சாரமும் கிடையாது. நல்ல கேபினெட், நல்ல எஸ்எம்பிஎஸ் (உள்ளே மின்சாரம் தரும் பெட்டி) போட்டு அசெம்பிள் செய்துகொள்வதுதான் உங்களுக்குச் சரி.

இரண்டாம் படி: எந்த வகைப் பெட்டி என்று பிரித்துப் பாருங்கள்

கடையில் எல்லாவற்றுக்கும் 'மினி பிசி' என்றுதான் பெயர். உள்ளே மூன்று வேறு வேறு வகைகள் இருக்கின்றன.

முதலாவது ஆப்பிளின் மேக் மினி. 2024 அக்டோபரில் அறிவித்த, ஆப்பிளின் எம்4 பிராசசர் போட்ட மாடல் 12.7 செ.மீ. சதுரம், 5 செ.மீ. உயரம். அடாப்டர்கூட வெளியே கிடையாது, உள்ளேயே அடங்கிவிட்டது.

இரண்டாவது புதிய விண்டோஸ் மினி பிசிக்கள். இந்த வகையைப் பரவலாக்கியது இன்டெலின் 'நக்'. 2023 ஜூலையில் இன்டெல் அதிலிருந்து விலகி, ஏசுஸ் நிறுவனத்திடம் கொடுத்துவிட்டது. இதே வகையில் என்100 பிராசசர் போட்ட விலை குறைந்த பெட்டிகளும் நிறைய வருகின்றன. என்100 வெறும் 6 வாட் பிராசசர். ரேமுக்கு ஒரே சேனல் (தகவல் போய்வரும் பாதை), இன்டெல் சொல்லும் உச்ச அளவு 16 ஜிபி. அலுவலக மேசைக்கும் கடை பில்லிங்குக்கும் அது போதும். அதில் வீடியோ எடிட்டிங் எதிர்பார்த்தால் ஏமாந்து போவீர்கள்.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்த வகை: பெரிய அலுவலகங்கள் மூன்று நான்கு வருஷம் பயன்படுத்திவிட்டுக் கழிக்கும் செகண்ட் ஹேண்ட் பெட்டிகள். லெனோவோ திங்க்சென்டர் டைனி, டெல் ஆப்டிப்ளெக்ஸ் மைக்ரோ, எச்பி எலிட்டெஸ்க் மினி ஆகிய மூன்றும் ஏறக்குறைய ஒரு லிட்டர் கொள்ளளவு. சென்னை ரிச்சி தெருவில் இவை அடுக்கடுக்காக இருக்கும். புதியதாக வரும்போது நிறுவனங்களுக்கு என்றே செய்யப்பட்டவை, அதனால் திறந்து பார்க்கவும் பாகம் மாற்றவும் வசதியாக இருக்கின்றன.

மூன்றாம் படி: எது திறக்கும், எது திறக்காது

எதையும் வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்விகள் நான்குதான். ரேம் ஸ்லாட்டில் இருக்கிறதா, போர்டிலேயே பற்றவைத்ததா? ஸ்லாட் என்றால் எத்தனை, அதில் எத்தனை காலி? சேமிப்பிடமான எஸ்எஸ்டி எல்லாக் கடையிலும் கிடைக்கும் சாதாரண எம்.2 (போர்டில் செருகும் மெல்லிய துண்டு) வகையா? மதர்போர்டு போனால் என்ன செய்வது?

கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. அசெம்பிள் சிஸ்டத்தில் போர்டு போனால் வேறு கம்பெனி போர்டு வாங்கி அதே கேபினெட்டில் மாட்டிவிடலாம். சின்னப் பெட்டியில் அதே மாடல் போர்டேதான் வேண்டும். செகண்ட் ஹேண்ட் டைனி, மைக்ரோ வகைகளுக்குப் பழைய போர்டுகள் சந்தையில் கிடைப்பதால் அங்கே கொஞ்சம் நிம்மதி. பெயர் தெரியாத மினி பிசிக்களில் வாரண்டி முடிந்த பிறகு போர்டு போனால் அதோடு பெட்டியே முடிந்தது என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

ரேம் விஷயத்தில் மேக் மினியின் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது. 2005 ஜனவரியில் முதல் மேக் மினி 499 டாலருக்கு வந்தபோது, மூடியைத் திறக்கச் சுவருக்குப் பட்டி பார்க்கும் தகட்டைச் செருகி நெம்பினார்கள். 2010இல் அடியில் வட்டமான மூடி வந்தது. கையால் திருகினால் ரேம் தெரியும். 2014இல் ரேமைப் போர்டிலேயே பற்றவைத்துவிட்டார்கள். 2018இல் மறுபடி ஸ்லாட் வந்தது, 64 ஜிபிவரை போட முடிந்தது. 2020இல் எம்1 வந்ததோடு ரேம் பிராசசரோடு ஒரே பொட்டலமாகிவிட்டது. இன்றுவரை அப்படித்தான். அதனால் செகண்ட் ஹேண்ட் மேக் மினி என்று யாராவது சொன்னால் முதலில் எந்த வருஷத்து மாடல் என்று கேளுங்கள்.

இப்படிப் பற்றவைப்பதற்கு உண்மையான தொழில்நுட்பக் காரணமும் இருக்கிறது. பழைய டைனியில் இரண்டு டிடிஆர்4 (ரேமின் ஒரு தலைமுறை) ரேம் போட்டால் நொடிக்கு ஏறக்குறைய 42 ஜிபி வேகத்தில் தகவல் போய்வரும். எம்4இல் அது 120 ஜிபி, எம்4 புரோவில் 273 ஜிபி. ரேம் பிராசசருக்குப் பக்கத்திலேயே இருப்பதால்தான் அந்த வேகம். யார் வேண்டுமானாலும் கழற்றி மாட்டும் லேப்டாப்புக்குப் பேர் வாங்கிய ஃபிரேம்வொர்க் நிறுவனம்கூட 2025இல் கொண்டுவந்த சின்ன டெஸ்க்டாப்பில் ரேமைப் பற்றவைத்துத்தான் கொடுத்தது. ஆகவே பற்றவைத்த ரேம் என்றாலே ஏமாற்று வேலை என்று சொல்ல மாட்டேன். அதற்குக் கேட்கும் கூடுதல் காசுதான் என் வருத்தம்.

நான்காம் படி: நிரப்பிய விலை

இப்போது தாளை எடுங்கள். எம்4 மேக் மினி இந்தியாவில் வந்தபோது 16 ஜிபி ரேம், 256 ஜிபி சேமிப்பிடத்தோடு 59,900 ரூபாய். மாணவர்களுக்கு 49,900. அதே பெட்டி 512 ஜிபியோடு 79,900. ரேமையும் 24 ஜிபி ஆக்கினால் 99,900. இதோடு மானிட்டர், கீபோர்டு, மவுஸ் எதுவும் வராது. பெட்டிக்குள் மின்கம்பி ஒன்று இருக்கும், அவ்வளவுதான்.

இந்த மூன்று விலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். கீழ்ப்படியில் இருக்கும் பெட்டி அந்த வேகத்துக்கு நியாயமான விலை. ஒவ்வொரு படி ஏறும்போதும் இருபதாயிரம் போகிறது. இதில் சேமிப்பிடத்துக்கு மாற்று வழி இருக்கிறது: 1 டிபி வெளி எஸ்எஸ்டி ஒன்றை வாங்கிப் பின்பக்கத் தண்டர்போல்ட் துளையில் செருகி, படம், வீடியோ எல்லாவற்றையும் அதில் வைத்துக்கொள்ளலாம். ரேமுக்கு அப்படி வழி கிடையாது. அதனால் மேக் வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கைக்காசு கொஞ்சம் மிச்சமிருந்தால் ரேமில் போடுங்கள், சேமிப்பிடத்தில் வேண்டாம். எம்4 மாடலில் சேமிப்பிடம் கழற்றக்கூடிய தனித்துண்டாகத்தான் இருக்கிறது. ஆனால் அது ஆப்பிளின் சொந்த வடிவம், சந்தையில் விற்கும் எம்.2 அதில் பொருந்தாது. மாற்றிய பிறகு இன்னொரு மேக்கை இணைத்து மீட்டெடுக்கவும் வேண்டும். புதியவர்கள் அதில் கைவைக்க வேண்டாம்.

அடுத்த பக்கத்தில் செகண்ட் ஹேண்ட் டைனி. நாங்கள் விசாரித்த கடைகளில் ஐ5-8500டி பிராசசர், 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி போட்ட பெட்டிக்குப் பதினைந்திலிருந்து இருபதாயிரம்வரை சொன்னார்கள். ஆறு கோர், 35 வாட். இன்னொரு 8 ஜிபி ரேம் சேர்த்தாலும் மேக்கின் கீழ்ப்படி விலையில் பாதிகூட வராது. வேகத்தில் எம்4 பக்கத்தில் இது நிற்காது என்பதையும் மறைக்காமல் எழுதிக்கொள்ளுங்கள்.

'ரேமைப் பிறகு போட்டுக்கொள்ளலாம்' என்ற கணக்கில் ஓட்டை ஒன்று உண்டு. 2025 கடைசியில் ஏஐ டேட்டா சென்டர்களுக்கான தேவையால் உலகம் முழுக்க ரேம் விலை கடுமையாக ஏறியது. வீட்டுக்காரர்கள் காலகாலமாக வாங்கிவந்த 'குருஷியல்' ரேம் விற்பனையை நிறுத்தப் போவதாக மைக்ரான் நிறுவனம் அந்த டிசம்பரில் அறிவித்தது. காலி ஸ்லாட் இருப்பது நல்லதுதான், ஆனால் நீங்கள் போடும் நாளில் ரேம் என்ன விலை விற்கும் என்பது உங்கள் கையில் இல்லை. நிரப்பிய விலையில் ரேமுக்கு இன்றைய விலையையே எழுதுங்கள், 'அப்போது குறையும்' என்ற நம்பிக்கையை எழுதாதீர்கள்.

பையனுக்கு டைனி எடுத்தோம். மிச்சக் காசை அக்கா அவன் ஹாஸ்டல் செலவுக்கு வைத்துக்கொண்டாள். அதே மாதம், ஸ்டூடியோ வைத்திருக்கும் நண்பர் ஒருவருக்கு இதே தாளில் கணக்குப் போட்டபோது மேக் மினிதான் வந்தது, 24 ஜிபி. அவருக்கு ஒரு கல்யாண வீடியோ எத்தனை மணி நேரத்தில் முடிகிறது என்பதுதான் வருமானம். அவர் வேறெந்தச் சின்னப் பெட்டி எடுத்திருந்தாலும் ஆறு மாதத்தில் அலுத்துப்போயிருப்பார்.

ஐந்தாம் படி: செகண்ட் ஹேண்ட் என்றால் கடையிலேயே பார்க்க வேண்டியவை

முதலில் பிராசசர் தலைமுறை. விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறையாக ஓட இன்டெலில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். அதாவது ஐ5-8500டி என்றால் 8இல் தொடங்குகிறது, சரி. ஐ5-7500டி என்றால் ஏழாம் தலைமுறை, விலை எவ்வளவு குறைத்தாலும் விட்டுவிடுங்கள். பேசும்போது 'ஐ5' என்று மட்டும் சொல்லி முடித்துவிடுவார்கள். பின்னால் வரும் எண்ணைத் திரையில் காட்டச் சொல்லிப் பாருங்கள்.

அடுத்து டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கம். எத்தனை ஸ்லாட்டில் எத்தனை பயன்பாட்டில் என்று அங்கேயே எழுதியிருக்கும். 8 ஜிபி ஒரே துண்டாக இருந்தால் இன்னொரு ஸ்லாட் காலி, நல்லது. 4, 4 என்று இரண்டு துண்டாக இருந்தால் நாளைக்கு இரண்டையும் கழற்றிப் போட வேண்டும்.

பிறகு பயாஸ், அதாவது விண்டோஸ் தொடங்குமுன் வரும் அமைப்புத் திரை. ஸ்டார்ட் ஆகும்போது உள்ளே போய்ப் பாருங்கள். பாஸ்வேர்டு கேட்டால் பழைய அலுவலகத்தின் பூட்டு இன்னும் இருக்கிறது என்று அர்த்தம், அந்தப் பெட்டி வேண்டாம். மேக் என்றால் பழைய உரிமையாளரின் ஆக்டிவேஷன் லாக் (அவருடைய ஆப்பிள் கணக்கோடு பிணைத்த பூட்டு) எடுக்கப்பட்டிருக்கிறதா என்று உங்கள் கண்முன்னால் புதிதாக செட்டப் செய்து காட்டச் சொல்லுங்கள்.

அடாப்டரைப் பற்றிக் கொஞ்சம் நீட்டியே சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கு நேர்ந்த அனுபவம் இது. சில வருஷங்களுக்கு முன்னால் அலுவலகத்துக்கு இப்படி ஒரு பெட்டி வாங்கினேன். கடையில் ஓடியது. வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டால் எக்செல் திறக்கவே நிமிடக்கணக்கில் ஆகிறது. எஸ்எஸ்டியைச் சந்தேகப்பட்டேன், ரேமைக் கழற்றி மாட்டினேன், விண்டோஸைப் புதிதாகப் போட்டேன். மூன்றாம் நாள், ஸ்டார்ட் ஆகும்போது ஒரு வரி மின்னி மறைவதைக் கவனித்தேன். செல்போனில் வீடியோ எடுத்து நிறுத்திப் படித்தால், அடாப்டர் எந்த வகை என்று தெரியவில்லை, வேகம் குறைக்கப்படுகிறது என்ற எச்சரிக்கை. கடையில் ஓட்டிக் காட்டியது ஒரு அடாப்டர், பையில் போட்டுக் கொடுத்தது வேறொரு டூப்ளிகேட். சில கம்பெனி அடாப்டர்களில் நடுவில் ஊசி மாதிரி ஒரு கம்பி இருக்கும். அதன் வழியாகத்தான் பெட்டி தன் அடாப்டரை அடையாளம் காண்கிறது. அசல் போட்டதும் பிரச்சினை அன்றே தீர்ந்தது. அதனால், உங்கள் கையில் தரப்போகும் அடாப்டரிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், அதன்மேல் 65 வாட்டா, 90 வாட்டா என்று படித்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: ரேமை நீங்களே போடுவது

கடையில் 'லேப்டாப் ரேம்' என்று கேளுங்கள். டெஸ்க்டாப் என்றுதானே பெயர் என்று நீளமான டெஸ்க்டாப் ரேமை வாங்கிவந்து திருப்பிக் கொடுத்தவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். உள்ளே இருக்கும் துண்டின் ஸ்டிக்கரைப் படமெடுத்துக்கொண்டு போவது இன்னும் நல்லது. டிடிஆர்4 ஸ்லாட்டில் டிடிஆர்5 நுழையாது, வெட்டு வேறு இடத்தில் இருக்கும்.

பிளக்கைப் பிடுங்கிய பிறகு பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள், மிச்சமிருக்கும் மின்சாரம் இறங்கிவிடும். எங்கள் டைனியில் பின்பக்கம் ஒரே ஒரு ஸ்க்ரூ. அதைக் கழற்றிவிட்டு மேல்மூடியை முன்பக்கமாகத் தள்ளினால் வந்துவிடுகிறது. பெட்டியைக் கவிழ்த்தால் அடிமூடி. அதையும் நகர்த்தி எடுத்தால் ரேம் ஸ்லாட் இரண்டும், பக்கத்தில் விரல் நீளத்துக்கு எஸ்எஸ்டியும் தெரியும். தொடுமுன் பெட்டியின் இரும்பு ஓரத்தை ஒருமுறை தொட்டுக்கொள்ளுங்கள்.

ரேமைச் சாய்வாக வைத்து, தங்க நிறக் கோடுகள் அநேகமாக மறையும்வரை உள்ளே அழுத்த வேண்டும். பையன் முதலில் பயந்து பயந்து பாதியிலேயே கீழே மடக்கினான், பிடிக்கவில்லை. "நல்லா உள்ள தள்ளுடா, உடையாது" என்றேன். முழுதாகப் போனதும் மேலிருந்து அழுத்தினான். இரண்டு பக்கமும் உள்ள எஃகுக் கவ்விகள் 'டிக்' என்று பிடித்துக்கொண்டன. அந்தச் சத்தம் கேட்காவிட்டால் உட்காரவில்லை என்று அர்த்தம். முதல் தடவை ஆன் செய்யும்போது திரை கொஞ்ச நேரம் இருட்டாகவே இருக்கலாம், உடனே அணைக்காமல் காத்திருங்கள்.

ஒரு துண்டுக்கு இரண்டு துண்டாகப் போடுவதில் இன்னொரு லாபமும் உண்டு. இந்தப் பெட்டிகளில் கிராபிக்ஸ் வேலையும் இதே ரேமில்தான் நடக்கிறது. இரண்டு துண்டு போட்டால் தகவல் போய்வரும் பாதை இரண்டாகிவிடும், படமும் வீடியோவும் தெளிவாகவே சுறுசுறுப்படையும்.

ஏழாம் படி: வைக்கும் இடமும் கரண்டும்

மானிட்டருக்குப் பின்னால் மாட்டும் வசதி அழகுதான், ஆனால் சுவரோடு ஒட்டி மாட்டாதீர்கள். சித்திரை வெயிலில் மூச்சு முட்டும். காற்றுத் துளைகளைச் சுற்றி நாலு விரல் இடைவெளி விடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மூடியைத் திறந்து விசிறியில் படிந்த தூசியை பிரஷ்ஷால் தட்டுங்கள், விசிறி சுற்றாமல் ஒரு விரலால் பிடித்துக்கொண்டு.

கரண்ட் செலவில்தான் சின்னப் பெட்டி நன்றாகச் சம்பாதித்துக் கொடுக்கும். எம்4 மேக் மினி சும்மா இருக்கும்போது 4 வாட், முழு வேகத்தில் 65 வாட் என்று ஆப்பிளே சொல்கிறது. பெரிய சிபியுவைவிட 40 வாட் குறைவாக இழுக்கும் பெட்டி, நாளுக்குப் பத்து மணி நேரம் ஓடினால் மாதம் 12 யூனிட் மிச்சம். அதைவிட, கரண்ட் போனால் சாதாரணச் சின்ன யுபிஎஸ் இதை வெகுநேரம் தாங்கும். பெரிய சிபியு என்றால் சேவ் செய்து அணைக்கத்தான் நேரம் இருக்கும்.

கடைசியாக ஒரு சின்ன வேலை. ஒரு துண்டு வெள்ளை ஸ்டிக்கரில் வாங்கிய தேதி, ரேம் வகை, எத்தனை ஸ்லாட் காலி, எஸ்எஸ்டி அளவு, அடாப்டர் வாட், வாரண்டி முடியும் நாள் எல்லாவற்றையும் எழுதிப் பெட்டியின் அடியில் ஒட்டுங்கள். பில்லை வீட்டு வாட்ஸ்ஆப் குழுவில் படமாகப் போட்டு வையுங்கள். கடைத் தாளில் அச்சான எழுத்து ஒரு வருஷத்தில் வெளுத்துப்போகும்.